ஜெனி பெஞ்சில் உட்கார்ந்த நிமிடங்கள்

அந்தச் சனிக்கிழமை காலை மைதானத்தில் இருந்தவர்கள்: எங்கள் அணியின் ஒன்பது பெண் பிள்ளைகள், எதிரணியில் எட்டுப் பேர், கோச் நேசன் அண்ணன், விசில் ஊத ஒத்துக்கொண்ட ஒரு அப்பா, நாயை நடத்திக்கொண்டு வந்து வேலியோரம் நின்றுவிட்ட ஒரு பெண்மணி, நைட் ஷிஃப்ட் முடித்துக் காருக்குள் தூங்கிக்கொண்டிருந்த என் வீட்டுக்காரர். அப்புறம் நான்.

அவ்வளவுதான் கூட்டம்.

நறுக்கிய ஆரஞ்சு வாசனை, ஈரப் புல், மூக்கு நுனி மரத்துப்போகிற மெல்பர்ன் ஜூலைக் குளிர்... பதினேழு வருஷம் ஆகிறது. எங்கள் புறநகரான டார்னெய்ட்டில் அப்போது பாதித் தெருக்களில் வீடே எழும்பவில்லை. மைதானத்தின் இரண்டு முனைகளிலும் ஃபுட்டி என்கிற ஆஸ்திரேலிய ஃபுட்பால் ஆட்டத்துக்கான உயரக் கம்பங்கள். அந்த முட்டை வடிவப் பந்துதான் இங்கே ராஜா. சாக்கர், அதாவது நம் ஊர்க் கால்பந்து என்றால் வெளிநாட்டிலிருந்து வந்தவர்களின் பிள்ளைகள் ஆடுவது. அதிலும் பெண் பிள்ளைகள்! எங்களுக்கு ஓரமாக ஒரு மூலை கொடுத்திருந்தார்கள்.

என் மகள் ஜெனிக்கு ஒன்பது வயது. எனக்கோ பந்தைப் பற்றி ஒன்றும் தெரியாது. நூலகத்தில் சிறுவர் புத்தகம் எடுத்து, ஆஃப்சைடு வரைக்கும் நானே படித்துக்கொண்டேன். எதையும் நோட்டில் எழுதி வைக்கும் என் பழக்கத்தைப் பார்த்துவிட்டு நேசன் அண்ணன் ஒரு பொறுப்புக் கொடுத்தார். ஏழு பேர் ஆடும்போது இரண்டு பேர் பெஞ்சில். முறை வைத்து மாற்ற வேண்டும். எல்லோருக்கும் சம நிமிடம்.

"தங்கச்சி, ஒரு பிள்ளையும் எனக்கு நேரம் தரேல்லை எண்டு அழப்படாது. அதுதான் உங்கட வேலை" என்றார். யாழ்ப்பாணத்துக்காரர்.

ஸ்டாப்வாட்ச்சும் கொடுத்தார். கையுறை போட்ட விரலுக்கு அந்தப் பொத்தான் அகப்படவே இல்லை. கோட் பையில் ஜெபமாலை இருந்தது... ஜெபமாலையில் பத்து மணிகள் கொண்ட ஒரு பத்தைச் சொல்லி முடிக்க எனக்கு மூன்றரை நிமிடம். வீட்டுக் கடிகாரத்தில் பார்த்து வைத்திருந்தேன். இரண்டு பத்து முடிந்தால் ஏழு நிமிடம். கையைத் தூக்குவேன், ஆள் மாறும். மாதா பார்த்துக்கொள்வாள், பிசகாது என்று நம்பினேன்.

அன்றைக்கு இரண்டாம் பாதியில் பெஞ்சில் உட்கார ஜெனியின் முறை. ஓடி வந்து என் முழங்கால்களுக்கு நடுவே உட்கார்ந்தாள். கோட்டை விரித்து மூடிக்கொண்டேன். ஈரத் தலைமுடி என் தாடையில் பட்டது. அவளுடைய மூச்சு மெல்ல மெல்ல அடங்குவது என் நெஞ்சுக்குத் தெரிந்தது...

நேசன் அண்ணன் திரும்பிப் பார்த்தார். "என்ன தங்கச்சி, இண்டைக்கு முழு மாலையும் சொல்லுறீங்களோ? விசில் ஊதிற மனுசன் வீட்ட போகப் போறார்!"

"இல்லண்ணே, கணக்காத்தான் சொல்றேன்."

கோட்டுக்குள்ளிருந்து குரல் வந்தது. "பொய்! மத்தவங்களுக்கு ஃபாஸ்ட்டா சொல்றீங்க. எனக்கு மட்டும் ஸ்லோ. நாட் ஃபேர், அம்மா."

எனக்குக் கோபம் வந்தது. வீட்டுக்கு வந்ததும் அந்த சீசன் நோட்டு முழுவதையும் எடுத்துப் பார்த்தேன். ஜெனி வெளியே உட்கார்ந்த பாதிகளில் எல்லாம் மற்ற பாதிகளைவிட ஒரு ஆள்மாற்றம் குறைவாக இருந்தது. ஒன்றில்கூடத் தவறவில்லை! கூட உட்கார்ந்த பிள்ளைக்கும் சேர்த்து அநியாயம் செய்திருக்கிறேன்.

சொந்த மகளுக்குச் சலுகை காட்டக் கூடாது என்ற பயம்தான் காரணம் என்று முதலில் எனக்கே சொல்லிக்கொண்டேன். பிறகு சாமியாரிடம் பாவசங்கீர்த்தனம் செய்தபோது உள்ளதைச் சொன்னேன். அவள் என் கோட்டுக்குள் இருந்த நேரத்தை முடிக்க எனக்கு மனசில்லை. அவ்வளவுதான்.

அந்த ஜெனி சாக்கர் உதவித்தொகையில் அமெரிக்காவுக்குப் படிக்கப் போனாள். அங்கேயே தங்கி, பெண்கள் தொழில்முறை கிளப் ஒன்றில் உதவிக் கோச்சாக இருக்கிறாள். டிசம்பரில் மெல்பர்னுக்கே வந்துவிடுவதாகத்தான் பேச்சு. போன வாரம் வீடியோ காலில் வேறு செய்தி.

"அம்மா, நாலு வருஷ காண்ட்ராக்ட் தர்றாங்க. இங்க சாக்கர் பெருசாகப் போகுது. பொண்ணுங்களுக்குன்னே தனி ஸ்டேடியம் கட்டுறாங்க தெரியுமா?"

பக்கத்திலிருந்த அவள் அப்பா விடவில்லை. "அங்க ஃபுட்பால்னாலே வேற பந்தாச்சே! சின்னப் புள்ளைல சாக்கர் ஆடிட்டு, வளந்ததும் விட்டுருவாங்கன்னு நீதானே சொன்ன?"

"அது அப்போ, அப்பா. இப்ப மாறிடுச்சு." பிறகு என்னைப் பார்த்தாள். "அம்மா, யூ டிசைட். வேணாம்னு நீங்க சொன்னா சைன் பண்ணாம வந்துடுறேன்."

நோட்டில் ஒரு பக்கம் 'அங்கே சாக்கர் வளரும்', மறுபக்கம் 'வளராது' என்று எழுதினேன். பேஸ்பால், கூடைப்பந்து, அவர்களுடைய ஃபுட்பால்... இத்தனைக்கும் நடுவே இடம் கிடைக்குமா? வளராது என்பதற்கான காரணங்கள் மளமளவென்று வந்துவிட்டன. அந்த வேகத்தைப் பார்த்ததும் என் கணக்கின் மேல் எனக்கே சந்தேகம் வந்தது.

நேற்று எங்கள் மைதானத்துக்கு நடந்து போனேன். சாக்கருக்கென்றே தனித் திடல், விளக்குக் கம்பங்கள், பெண் பிள்ளைகளே நாலு அணி. சேர இடமில்லாமல் பெயர் கொடுத்துக் காத்திருக்கிறார்களாம். நேசன் அண்ணன் சிட்னிக்கு, மகன் வீட்டோடு போய்விட்டார். தெரிந்த முகம் ஒன்றும் இல்லை. மடக்கு நாற்காலியில் உட்கார்ந்திருந்த ஒரு இளம் தாய் சிரித்தபடி கேட்டாள், "விச் ஒன் இஸ் யுவர்ஸ்?"

யாரும் இல்லை என்றேன். தவறாகக் கேட்டுவிட்டோமோ என்று பதறிப்போய், உட்கார நாற்காலியைத் தந்தாள். ஆட்டம் முடியும்வரை இருந்தேன்.

அப்போது ஆள் இல்லாத மைதானத்தில் எனக்கொரு வேலை இருந்தது, மடியில் ஒருத்தி இருந்தாள். இப்போது அதே ஊரில் அத்தனை கூட்டம்... நானோ சும்மா வேடிக்கை பார்க்க வந்தவள்.

அமெரிக்காவில் இருக்கும் தோழிகளிடம்தான் கேட்கிறேன். உங்கள் தெருவில் பிள்ளைகள் எந்தப் பந்தை உதைக்கிறார்கள்? பெரிய வகுப்புக்குப் போன பிறகும் ஆடுகிறார்களா? பெண்கள் ஆட்டத்துக்குக் காசு கொடுத்து டிக்கெட் வாங்கிப் போகிறார்களா, ஒரு தடவையோடு நின்றுவிடுகிறார்களா? கண்ணால் பார்த்ததை மட்டும் எழுதுங்கள். எனக்கு ஆறுதலாக இருக்கட்டும் என்று அங்கே சாக்கர் வளர்வதைக் குறைத்துச் சொல்ல வேண்டாம்.

வெள்ளிக்கிழமை காலை ஜெனி கூப்பிடுவாள். வியாழக்கிழமைக்குள் பதில் போடுங்கள்.