கயிற்றில் இறங்கிய மேளம்

எங்கள் மர்ஃபா கிளப்பின் கதையை யார் சொன்னாலும் கோல் போட்டவர்களின் பெயரைத்தான் சொல்வார்கள். சொல்லட்டும், சந்தோஷம். நான் பல வருஷம் அந்த அணியின் கோல்கீப்பராக நின்றவன். என் முதுகுக்குப் பின்னால் வலை, வலைக்குப் பின்னால் தியாபின் மேளம், இதுதான் என் வாலிபம் முழுவதும். அதனால் ஒரு நாள்கூட ஜெர்சி போடாத, பந்தை உதைத்தால் செருப்பு மட்டும் பறக்கிற தியாபைப் பற்றி எழுத எனக்கு உரிமை உண்டு என்று நினைக்கிறேன்.

தியாப் மீன்பிடிக்கிறவர். லெபனானின் கடலோரத்தில் இருக்கும் எங்கள் அல்-மினாவில் பாதிப் பேர் அப்படித்தான். மீதிப் பாதி துறைமுகத்தில் மூட்டை தூக்கினார்கள். இந்த இரண்டு பாதியும் சேர்ந்து தொடங்கியதுதான் கிளப். மர்ஃபா என்றாலே துறைமுகம்தான். பெயர் வைக்க ரொம்ப யோசித்ததாகத் தெரியவில்லை. முதல் மைதானம் கடலை ஒட்டியிருந்த ஒரு மேட்டு நிலம். ஓங்கி உதைத்தால் பந்து அலையில் போய் விழும். ஆட்டம் நடக்கும்போதெல்லாம் தியாப் தன் படகைக் கரையோரம் நிறுத்திவைத்துக்கொண்டு காத்திருப்பார், பந்தை மீட்டுக்கொண்டு வர. எதிரணி ஜெயிக்கிற மாதிரி இருந்தால் அவர் துடுப்பு கொஞ்சம் மெதுவாகப் போகும். கேட்டால் நீரோட்டம் என்பார்.

கல்யாண வீடுகளில் அடிக்கிற பெரிய மேளம் ஒன்று அவரிடம் இருந்தது. அதை மைதானத்துக்குக் கொண்டுவந்த முதல் ஆள் அவர்தான். சும்மா இரைச்சல் போடுகிறவர் அல்ல. கார்னருக்கு ஓர் அடி, எதிரணி பந்தைப் பிடித்துக்கொண்டு இழுத்தடித்தால் அவர்களைக் கேலி செய்ய ஓர் அடி. நான் பதறுகிறேன் என்று தெரிந்தால் எனக்கென்றே ஓர் அடி வைத்திருந்தார், நிதானமாக, வீட்டுக் கதவைத் தட்டுகிற மாதிரி. அதைக் கேட்டதும் என் தோள் தானாக இறங்கும். நான் பதறுகிறேன் என்பதை என் முதுகைப் பார்த்தே எப்படிக் கண்டுபிடித்தார் என்று எனக்கு இன்றுவரை தெரியாது.

உள்நாட்டுச் சண்டைக் காலத்தில் லீக் நின்றது. நாங்கள் நிற்கவில்லை. குண்டு விழாத நாளில் ஆடினோம், அவ்வளவுதான். எங்கள் அணியில் எந்தக் காலால் உதைப்பாய் என்றுதான் கேட்பார்கள், எங்கே தொழுவாய் என்று கேட்டவன் கிடையாது. மசூதித் தெருக்காரனும் மாதா கோயில் தெருக்காரனும் ஒரே பாத்திரத்தில் மீன் சோறு சாப்பிட்டுவிட்டு ஆடப் போவோம். ஒருமுறை மலைப் பக்கத்து அணிக்காரன் ஒருவன், நீங்கள் மசூதி டீமா, சர்ச் டீமா என்று கேட்டான். தியாப் மேளத்திலிருந்து தலையைத் தூக்கவில்லை.

"நாங்க மீன் டீம். முள்ளு இருக்கும், பாத்து முழுங்கு."

அன்றைக்கு நாலு கோல் போட்டோம். அவனுக்கு முள் தொண்டையிலேயே நின்றிருக்கும்.

சாதனை என்று கேட்டால் சொல்கிறேன். வடக்குப் பக்கத்துக் கேடயம் எங்களிடம் வந்திருக்கிறது. தலைநகர் பெய்ரூத்தின் பெரிய அணி ஒன்றை நட்பு ஆட்டத்தில் தோற்கடித்திருக்கிறோம். அவர்கள் அதை மறந்திருக்கலாம், எங்கள் தெருவில் குழந்தைக்குக்கூடத் தெரியும். ஆனால் லீக்கின் முதல் பிரிவு மட்டும் கைக்கு எட்டவே இல்லை. ஒரு வருஷம் மழை கெடுத்தது, ஒரு வருஷம் பெனால்டி கெடுத்தது, ஒரு வருஷம் எங்கள் ஆளே எங்கள் வலைக்குள் பந்தைத் தலையால் முட்டிவிட்டு, தலையில் கை வைத்துக்கொண்டு உட்கார்ந்தான்.

இதில் யாரையும்விட அதிகமாக வெந்தவர் தியாபின் அண்ணன் அத்னான். சண்டைக் காலம் முழுக்க எங்கள் கேப்டன். முழங்கால் போனபிறகு பயிற்சியாளர். மர்ஃபா முதல் பிரிவில் ஆடுவதைப் பார்த்துவிட்டுத்தான் கண்ணை மூடுவேன் என்று எல்லோரிடமும் சொல்லுவார். அவர் மனைவி வஜீஹாவுக்கோ கிளப் பெயரைக் கேட்டாலே எரியும். தலைப்பிரசவத்தின்போது அத்னான் ஜபைல் ஊரில் ஆடிக்கொண்டிருந்தார். வஜீஹா அதை மன்னிக்கவே இல்லை. அந்தக் கிளப் எனக்கு சக்களத்தி என்று வாய்விட்டே சொல்லுவாள். அண்ணனும் தம்பியும் ஒரே கட்டடத்தில் மேலும் கீழுமாக இருந்தார்கள். மேளத்தை வைக்கத் தியாபின் கீழ்வீட்டில் இடமில்லாததால் அது வஜீஹாவின் வீட்டில் கிடந்தது. அதைத் தாண்டும்போதெல்லாம் அவள் அதற்கு ஓர் உதை கொடுப்பாள் என்று தியாப் சொல்லிச் சிரிப்பார்.

அந்த வருஷம் எங்களுக்கு எல்லாம் கூடிவந்தது. இரண்டாம் பிரிவின் கடைசி ஆட்டம், பெகா பள்ளத்தாக்கிலிருந்து வரும் அணியோடு, அதுவும் எங்கள் பக்கத்திலேயே, திரிப்போலி மைதானத்தில். ஜெயித்தால் கோப்பை, கோப்பையோடு முதல் பிரிவு. ஆட்டம் ஞாயிற்றுக்கிழமை. வெள்ளிக்கிழமை காலையில் அத்னான் படகில் வலையை மடித்துக்கொண்டிருந்தவர் அப்படியே சாய்ந்தார். சாயங்காலத்துக்குள் அடக்கம் முடிந்துவிட்டது.

எங்கள் ஊரில் ஒரு வழக்கம் உண்டு. தெருவில் சாவு விழுந்தால் மேளம் மூச்சு விடாது. கல்யாணம் வைத்திருந்தவன்கூடத் தள்ளிவைப்பான். ஆட்டம் பார்க்கப் போவதும் அதில் சேர்த்தி. துக்க வீட்டுக்காரர்களே வந்து, பரவாயில்லை, நடத்துங்கள் என்று வாய் திறந்து சொன்னால்தான் உண்டு. போய்க் கேட்கவும் கூடாது, கேட்டால் அசிங்கம். ஆக, தியாப் சொல்லட்டும் என்று தெருவே காத்திருந்தது. தியாபோ, இதில் சொல்ல என்ன இருக்கிறது, அத்னானின் கிளப் ஆடும்போது அத்னானின் தெரு போகாமலா இருக்கும் என்று பேசாமல் இருந்துவிட்டார். மரியாதை பார்த்துப் பார்த்தே மோசம் போவதில் எங்களை யாரும் மிஞ்ச முடியாது.

ஞாயிறு மத்தியானம் நாங்கள் மைதானத்துக்குள் ஓடி வந்தோம். எங்கள் பக்கத்துக் கேலரியைப் பார்த்தேன். இரண்டு போலீஸ்காரர்கள் சூரியகாந்தி விதை கொறித்துக்கொண்டிருந்தார்கள். வேறு ஒருவரும் இல்லை. எதிர்ப்பக்கம் பெகாக்காரர்கள் பஸ் பஸ்ஸாக வந்து இறங்கியிருந்தார்கள். எங்களுக்குக் கால் ஓடவில்லை. அத்னான் இல்லை, மேளம் இல்லை, ஒரு சத்தம் இல்லை. அரை மணிக்குள் ஒரு கோல் விழுந்தது. அது என் தப்பு என்று இன்னமும் டீக்கடையில் பேசுகிறவர்கள் உண்டு. சூரியன் நேராகக் கண்ணில் அடித்தது. அவ்வளவுதான் சொல்வேன்.

அதே நேரத்தில் துக்க வீட்டில் என்ன நடந்தது என்பதை முடிவெட்டுகிற நிக்கோலா எனக்குச் சொன்னார். பலமுறை சொன்னார், ஒருமுறையும் மாற்றிச் சொல்லவில்லை. கட்டடத்துக்கு முன்னால் பந்தல் போட்டு, நாற்காலி வரிசையில் ஆண்கள். மேலே வீட்டில் பெண்கள். மூன்றாம் நாள் என்பதால் மசூதி ஷேக் குர்ஆன் ஓதிக்கொண்டிருந்தார். சர்க்கரை போடாத காபி சுற்றி வந்துகொண்டிருந்தது. எல்லோரும் கருப்புக் கோட்டு. கூட்டத்தைப் பார்த்து, அண்ணனுக்கு இவ்வளவு மரியாதையா என்று தியாபுக்கு முதலில் மனசு நிறைந்திருக்கிறது. பிறகு ஒவ்வொரு முகமாகப் பார்த்திருக்கிறார். ரொட்டி சுடுகிறவர், மீன் ஏலம் விடுகிறவர், நிக்கோலா. கேலரியில் அவருக்குப் பின்னால் நின்று தொண்டை கிழியக் கத்துகிற அத்தனை பேரும் வரிசையாகக் கைகட்டி உட்கார்ந்திருந்தார்கள்.

நிக்கோலாவின் பக்கம் சாய்ந்து, ஆட்டம் இன்றைக்கு இல்லையா என்று கேட்டார்.

"இன்னைக்குத்தான்."

"அப்ப நீ இங்க என்ன பண்ற?"

"துக்கம் கேக்க வந்தேன்."

"நேத்தும் வந்து கேட்ட. முந்தாநாளும் கேட்ட. கேலரில யாரு இருக்கா?"

நிக்கோலா காபிக் கோப்பையைப் பார்த்துக்கொண்டே சொன்னார்: "எல்லாரும் இங்கதான இருக்கோம்."

தியாபுக்கு முகம் செத்துவிட்டதாம். எழுந்து போனால் அண்ணனுக்குத் துரோகம், உட்கார்ந்திருந்தால் அண்ணன் உயிராக நினைத்ததற்குத் துரோகம். கை முழங்காலில் தாளம் போட ஆரம்பித்து, பாதியில் நின்றுபோனது. அப்போதுதான் மேலே பால்கனிக் கதவு திறந்தது. வஜீஹா.

"தியாப், இங்க பாரு."

ஷேக் ஓதுவதை நிறுத்தினார். எல்லாத் தலையும் மேலே திரும்பியது.

"கீழ இருக்கிற மூஞ்சி எல்லாம் எனக்கு நல்லாத் தெரியும். என் புருஷன என் கையிலருந்து பிடுங்கிட்டுப் போன மூஞ்சிங்க. இன்னைக்கு மட்டும் எதுக்கு இங்க உக்காந்திருக்காங்க?"

"மரியாதைக்கு வந்திருக்காங்க அண்ணி."

"உங்க அண்ணன் இருந்தா இந்நேரம் எங்க இருப்பாரு?"

தியாபின் கண் மைதானம் இருக்கிற திசைக்குப் போனது.

"வாயத் திறந்து சொல்லு."

"கேலரில."

"அப்ப துக்கத்த அங்க போய்க் கேக்கச் சொல்லு."

சொல்லிவிட்டு உள்ளே போனாள். காய்கறியும் ரொட்டியும் கூடையில் மேலே ஏற்றுகிற கயிறு ஒவ்வொரு பால்கனியிலும் உண்டு. திரும்பி வந்தபோது அந்தக் கயிற்றில் மேளத்தைக் கட்டியிருந்தாள். கூடையில் அடங்காத சாமான். நாலு பெண்கள் சேர்ந்து பிடித்து, மெல்ல மெல்ல இறக்கினார்கள். சுவரில் இடித்துக்கொண்டு, ஒவ்வொரு இடிக்கும் ஒரு சத்தம் போட்டுக்கொண்டு, அது துக்கப் பந்தலுக்குப் பக்கத்தில் வந்து இறங்கியது. யாரும் கை நீட்டவில்லை.

"ஊரு பேசும் அண்ணி," என்றார் தியாப்.

"ஊரு பூரா இங்கதான இருக்கு. பேசறவன் இப்பவே பேசட்டும். கயித்த அவுரு."

ஷேக் புத்தகத்தை முத்தமிட்டு மூடினார், இரண்டாம் பாதி தொடங்கியிருக்கும் என்றார்.

நான் கண்டது அதற்குப் பிறகு நடந்தது. இரண்டாம் பாதியில் இடம் மாறி, எங்கள் கேலரிக்கு முன்னால் வந்து நின்றிருந்தேன். முதுகுக்குப் பின்னால் அந்த அடி கேட்டது. நிதானமாக, கதவைத் தட்டுகிற மாதிரி. ஆட்டத்தை விட்டுவிட்டுத் திரும்பிப் பார்த்தேன், கோல்கீப்பர் செய்யக்கூடாத வேலை. கேலரிப் படிகளில் கருப்புக் கோட்டு போட்டவர்கள் வரிசை வரிசையாக ஏறிக்கொண்டிருந்தார்கள், கழுத்தில் டையோடு, மீன் ஏலக்காரர் உட்பட. பாட்டு இல்லை, கோஷம் இல்லை, வசவு இல்லை. துக்கம் என்பதால் வாய் திறப்பதில்லை என்று வழியிலேயே பேசி வைத்திருந்தார்கள். மேளம் மட்டும், அதோடு ஒரே நேரத்தில் விழுகிற கைத்தட்டு. பெகாக்காரர்களின் பாட்டு கொஞ்சம் கொஞ்சமாகத் தேய்ந்து நின்றது. அவர்களுக்கு என்ன செய்வதென்று தெரியவில்லை.

கார்னருக்கான அடி விழுந்தது, எங்கள் கேப்டன் தௌஃபீக் எகிறித் தலையால் போட்டான். முடிகிற நேரத்தில் இன்னொன்று, இடது காலால், அதுவும் தௌஃபீக்தான். கடைசியில் என் பக்கம் வந்த ஒன்றை நான் விரல் நுனியால் தட்டிவிட்டேன். டீக்கடைக்காரர்கள் இதைப் பற்றி மட்டும் பேசமாட்டார்கள்.

விசில் ஊதியதும் தியாப் எழுந்து, சத்தம் வேண்டாம் என்று இரண்டு கையையும் தூக்கினார். வானத்தைப் பார்த்து ஒரு துப்பாக்கி வெடிக்கவில்லை, ஒரு கார் ஹாரன் அடிக்கவில்லை. எங்கள் நாட்டில் ஒரு கோப்பை ஜெயித்துவிட்டு அப்படி அமைதியாகப் போன கூட்டத்தை நான் கேள்விப்பட்டதே இல்லை. அப்படியே தெருவுக்கு வந்தோம். தியாப் முன்னால் ஓடிப் போய், மேளத்தைச் சுவரோரம் வைத்துவிட்டு, துக்க வீட்டுக்காரர் நிற்க வேண்டிய இடத்தில் நின்றுகொண்டார். சேறும் வியர்வையுமான ஜெர்சியோடு நாங்கள் ஒருவர் பின் ஒருவராகப் போய் அவர் கையைப் பிடித்து, கடவுள் அவருக்குக் கருணை காட்டட்டும் என்று சொன்னோம். தௌஃபீக் கோப்பையை முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டு நின்றான், திருட்டுக் கோழியை மறைக்கிறவன் மாதிரி. சாவு வீட்டில் கோப்பையை வைத்துக்கொண்டு என்ன செய்வது? வாழ்த்து சொல்லவும் முடியாது, வாங்கவும் முடியாது. எல்லோரும் தரையைப் பார்த்தோம். இத்தனை வருஷ ஆசை கையில் இருந்தும் அதைக் கொண்டாட எங்களுக்கு வழியில்லை.

அப்போது மேலே பால்கனியில் குலவை எழுந்தது.

கருப்புத் துணியில், கம்பியைப் பிடித்துக்கொண்டு, வஜீஹா குலவையிட்டாள். புருஷன் போன மூன்றாம் நாள். முதலில் குரல் உடைந்தது. நிறுத்தி, மூச்சு எடுத்துக்கொண்டு, மறுபடி தொடங்கினாள். எதிர்ப் பால்கனியில் ஒரு பெண் சேர்ந்தாள், பிறகு மாதா கோயில் பக்கத்து வீடுகளில், பிறகு தெரு முழுக்க. தௌஃபீக் கோப்பையை முதுகுக்குப் பின்னாலிருந்து எடுத்து, அவளுக்குத் தெரியும்படி தலைக்கு மேலே தூக்கினான். அவள் அதைப் பார்த்துக்கொண்டே நின்றாள்.

"தியாப்," என்றாள், "மேளத்த எடு. அவருக்குக் கேக்கணும்."

அண்ணனை மண்ணுக்குள் வைத்தபோதுகூட அழாத தியாப் அழுதுகொண்டே அடித்தார். கல்யாண அடி. நாங்கள் முதல் பிரிவுக்குப் போய்விட்டோம் என்பது அப்போதுதான் எங்களுக்கே உறைத்தது.