குருவிப் படிவம்

என் அப்பா பொய் சொல்லமாட்டார் என்று ஊர் முழுக்கப் பெயர். அந்தப் பெயரை அவர் என் கண்முன்னே கெடுத்துக்கொண்டது நான் ஐந்தாம் ஆண்டு படிக்கும்போது, ஒரு சோடிக் கொண்டைக்குருவிக்காக.

எங்களுக்குப் பாடும் குருவிகளை அறிமுகப்படுத்த வேண்டும் என்று ரீச்சருக்கு ஆசை. தேன்சிட்டு, தையல்சிட்டு, கரிச்சான் எனப் படங்களைக் காட்டினார். அவை கிளையைப் பற்றும் விதத்தைக் கரும்பலகையில் கீறினார். கடைசியில் ஆளுக்கொரு படிவம் தந்தார். நன்றாக நிரப்பும் பிள்ளைக்குத் தன் தூரக்கண்ணாடியை ஒரு கிழமைக்குக் கொடுப்பாராம். அது எனக்குத்தான் என்று அப்போதே முடிவுசெய்துவிட்டேன். எங்கள் விறாந்தை லைற்றின் மேல் கொண்டைக்குருவி கூடு கட்டி, மூன்று குஞ்சுகள் இருந்தன.

அப்பா படிவத்தைக் கண்ணாடி போட்டுப் படித்தார். உங்கள் வீட்டில் எத்தனை தங்குகின்றன? எப்போது வருகின்றன, போகின்றன? புதிதாக வந்தவை உண்டா? இரவில் எங்கே உறங்குகின்றன? திரும்பவும் முதலிலிருந்து படித்தார்.

"உதை ஆர் தந்தது?"

"ரீச்சர்."

"ரீச்சருக்கு ஆர் குடுத்தது?"

எனக்குத் தெரியவில்லை.

"ஒண்டும் இல்லை எண்டு எழுதிக் குடு."

அழுதேன். அம்மாவாவது எனக்காகக் கதைப்பார் என்று பார்த்தால், அவர் சுவரிலிருந்த மாமாவின் படத்தைப் பார்த்தபடி நின்றார். மாமா அம்மாவின் தம்பி, நான் பிறக்க முன்னரே காணாமல் போனவர். அப்பா குஞ்சுகளை யாருக்கோ விற்கப் போகிறார் என்று எனக்குச் சந்தேகம். தினமும் எண்ணிப் பார்த்துவிட்டுத்தான் பள்ளிக்கூடம் போனேன். மூன்றும் இருந்தன.

ஒன்றும் இல்லை என்று நான் எழுதிக் கொடுத்த படிவத்தை நம்பாமல் ரீச்சரே ஒரு பின்னேரம் வீட்டுக்கு வந்தார். அப்பா கதிரையை விறாந்தையில் போடாமல் முற்றத்து மாமரத்தடியில் போட்டார்.

"எங்கடை வீட்டிலை குருவி ஒண்டும் இல்லை, ரீச்சர்."

அந்த நேரம் பார்த்துத் தாய்க்குருவி புழுவோடு வர, குஞ்சுகள் மூன்றும் கத்தின.

"அது பக்கத்து வீட்டிலை," என்றார் அப்பா.

ரீச்சர் சிரிப்பை அடக்கிக்கொண்டு தேத்தண்ணியைக் குடித்தார். எனக்கு வெட்கம் பிடுங்கித் தின்றது.

தூரக்கண்ணாடி வேறொருத்திக்குப் போனது. குஞ்சுகள் பறந்துபோன காலையில் அப்பாவே என்னை எழுப்பினார்.

"இனி எழுதிக் குடு, பிள்ளை. மூண்டு இருந்தது எண்டு எழுது."

இனி எழுதி என்ன பயன் என்று முகத்தைத் திருப்பிக்கொண்டேன். பொய்யர் என்று கொப்பியின் கடைசிப் பக்கத்தில் எழுதியும் வைத்தேன்.

எனக்கு இருபது வயதானபோதுதான் அம்மா சொன்னார். மாமா எங்கள் வீட்டில் வந்து தங்கியிருந்த நாளிலும் இராணுவத்திடமிருந்து ஒரு படிவம் வந்ததாம். எத்தனை பேர், புதிதாக வந்தவர் யார், இரவில் எங்கே படுக்கிறார். அப்பா ஓர் எழுத்துக்கூடப் பொய்யில்லாமல் நிரப்பிக் கொடுத்தார். அந்தக் கிழமையே வாகனத்தில் வந்து மாமாவைக் கூட்டிக்கொண்டு போனார்கள்.