மறுபடி விதைத்த உடம்பு

கீழ்பென்னாத்தூர் பேருந்தில் ஏறி உட்கார்ந்ததும் நடத்துநர் சீட்டைக் கிழிக்காமல் என் முன்னால் நின்றார். "டீச்சர், உங்க கூட வருவாங்களே மல்லிகா டீச்சர், விடியகாலைல தவறிட்டாங்கன்னு சொல்றாங்களே, நெஜமா?" என்றார். எனக்கு அவர் சொல்லித்தான் தெரியும். பக்கத்து இருக்கையில் பையைப் போட்டு வைத்திருந்தேன். மல்லிகாவுக்கு இடம் பிடிக்கும் பழக்கம், அவர் விடுப்பில் போன பிறகும் என்னை விடவில்லை.

1989-இல் எங்கள் பள்ளிக்கு நானும் மல்லிகாவும் ஒரே வாரத்தில் வந்து சேர்ந்தோம். நான் தமிழ், அவர் விலங்கியல். சில வருடங்களில் அவர் கன்னம் சிவந்தது, மூட்டுகள் வீங்கின. லூபஸ் என்றார்கள். கிருமியை விரட்ட வேண்டிய எதிர்ப்பு சக்தி, சொந்த உடம்பையே பகையாக நினைத்துத் தாக்கும் நோய். அவருடைய அண்ணன் ஏழுமலைக்கு நோய் என்றால் தெம்பு போதவில்லை என்று அர்த்தம். நிலக்கடலை விவசாயியான அவர் எதிர்ப்பு சக்திக்கென்று லேகியம் லேகியமாகக் கொண்டுவந்து ஆசிரியர் அறையில் வைப்பார். நாங்களும் சளைக்காமல் ஆளுக்கொரு கஷாயம் சொன்னோம். "எனக்கு எதிர்ப்பு சக்தி கம்மி இல்ல டீச்சர், ஜாஸ்தி. அதுக்குப் போயி தீனி போடறீங்களே!" என்று சிரிப்பார் மல்லிகா. லேகியமெல்லாம் கணக்கு டீச்சர் வயிற்றுக்குள் போனது. அந்த வருடம் அவருக்குச் சளியே பிடிக்கவில்லை.

பிறகு நோய் சிறுநீரகத்தில் கை வைத்தது. மாத்திரைகள் கேட்கவில்லை. சென்னையில் ஒரு மருத்துவர் ஸ்டெம் செல் சிகிச்சையைப் பற்றிச் சொன்னார். அப்போது அது புதிது. பலிக்கலாம், உயிருக்கே ஆபத்தாகவும் முடியலாம் என்று அவர் மறைக்கவில்லை. வேங்கிக்காலில் இருந்த தன் வீட்டில் மல்லிகா அண்ணனுக்கு அதை விளக்கியபோது நானும் இருந்தேன்.

"வெதைக்கடலைய எடுத்து வச்சிட்டு கொல்லைய முழுசா ஏர் ஓட்டறதில்லையா, அந்த மாதிரிதாண்ணா. என் ரத்தத்துலருந்தே ஸ்டெம் செல்லை, அதான் வெதைய, எடுத்து பத்திரமா வச்சிப்பாங்க. கடுமையான மருந்து குடுத்து, கெட்டுப்போன எதிர்ப்பு செல்லையெல்லாம் அழிப்பாங்க. அப்புறம் எடுத்தத திருப்பி உள்ள விடுவாங்க. புதுசா வளரும்."

"அதே வெதைதானே? மறுபடியும் அதே சீக்கு வந்தா?"

"வரலாம். ஆனா புதுசா வர்றது, இது என் ஒடம்புதான்னு மொதல்லருந்து கத்துக்கும்னு நம்பறாங்க."

"ஓட்டிட்டு வெதைக்கிறதுக்குள்ள உனக்கு ஒண்ணு ஆயிட்டா?"

மல்லிகா அண்ணன் கையைப் பிடித்துக்கொண்டார். அண்ணன் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, "சரி, போலாம். நானும் வர்றேன்" என்றார்.

மல்லிகா பிழைத்து வந்தார். மொட்டைத் தலையோடு, யாரையும் கிட்டே சேர்க்காமல், மாதக்கணக்கில் வீட்டுக்குள்ளேயே இருந்தார். சின்ன வயதில் போட்ட தடுப்பூசிகளை உடம்பு மறந்துவிட்டதால் மறுபடியும் போட வேண்டியிருந்தது. கைக்குழந்தைகளோடு தாய்மார்கள் வரிசையாக உட்கார்ந்திருந்த பெஞ்சில் நாங்களும் போய் உட்கார்ந்தோம். "கொழந்தை எங்கம்மா?" என்றார் நர்ஸ். "நான்தாங்க கொழந்தை" என்று மல்லிகா கையை நீட்டினார். ஊசி போட்டதும் பக்கத்துப் பாப்பா வீறிட்டது. "பாத்தீங்களா டீச்சர், நான் எவ்ளோ சமத்து!" என்று என்னிடம் பெருமை வேறு அடித்துக்கொண்டார்.

பள்ளிக்குத் திரும்பினார். சில வருடங்கள் நோய் தலைகாட்டவே இல்லை. ஆனால் முன்பே கெட்டுப்போயிருந்த சிறுநீரகம் மெல்ல மெல்ல நின்றுபோனது. டயாலிசிஸ் படுக்கைக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்த எனக்கு ஆத்திரம் தாங்கவில்லை. இவ்வளவு பட்டதற்கு என்ன பலன் என்று கத்திவிட்டேன்.

"சிகிச்சைய திட்டாதீங்க டீச்சர்" என்றார். "சண்டை நின்னுடுச்சு. அதுக்கு முன்னாடி இடிஞ்சத அது கட்டித் தராது. இத்தன வருஷம் என் ஒடம்பு என்னய பகையா பாக்கல. நிம்மதியா இருந்தேன்."

எனக்கு முழங்கால் வலி. படி ஏறும்போதெல்லாம் அதைத் திட்டித் தீர்ப்பேன். அவர் போன பிறகு வாய் வரவில்லை. பாதிப் படியில் நின்று, அதைத் தடவிக் கொடுத்துவிட்டு ஏறுகிறேன். உடம்போடு பகையில்லாமல் இருக்க மல்லிகா உயிரையே பணயம் வைத்தார். அவரிடமிருந்து எனக்கு அது சும்மா கிடைத்திருக்கிறது.