நாடாவுக்கு அடியில் ஒரு குழாய்

டொராண்டோ அலுவலக லிஃப்டில், புதிதாகச் சேர்ந்த பெண் ஒருத்தி என் இடுப்புக் கருவியை நடையை எண்ணும் கருவி என்று நினைத்து, இன்று எத்தனை அடி நடந்தாய் என்று கேட்டாள். இது என் கணையம் என்றேன். நான் வேடிக்கைக்குச் சொன்னதாக நினைத்து, தனக்கும் அது இல்லாமல் நாள் ஓடாது என்று சிரித்துவிட்டு இறங்கிப் போனாள். திருத்த வேண்டும் என்று எனக்குத் தோன்றவில்லை. பத்தொன்பது வயதில் என் உடம்பில் இன்சுலின் சுரப்பது நின்றுபோனது. இங்கே வந்தபின் ஊசிக்குப் பதில் பம்ப். வயிற்றுத் தோலுக்குள் செருகிய மெல்லிய குழாய் வழியே நாள் முழுக்கத் துளித்துளியாக மருந்து இறங்கும். சாப்பிடும்போது பட்டனை அழுத்திக் கூடுதலாகச் செலுத்த வேண்டும். வசதிதான். ஆனால் உடம்பில் மருந்து இருப்பு என்று எதுவும் தங்காது. குழாய் அடைத்தால் சில மணி நேரத்தில் ஆபத்து.

போன வருடம் தங்கையின் கல்யாணத்துக்குச் சொந்த ஊரான வடமதுரைக்குப் போனேன். "ஒனக்குச் சக்கரன்னு மாப்ள வீட்டுக்காரவுகளுக்குத் தெரிய வேணாம்த்தா. அக்காளுக்கு இருந்தா தங்கச்சிக்கும் வரும்னு பேசுவாக" என்றார் அம்மா. எனக்குக் கோபம் வந்தது. தங்கைக்காக வாயை மூடிக்கொண்டேன். பம்ப்பைப் பட்டுச்சேலைக்குள் ஒளித்தேன். சித்திதான் கட்டிவிட்டார். "இம்புட்டு லூசாக் கட்டுனா சேல நிக்குமா?" என்று பாவாடை நாடாவை இழுத்து முடிச்சுப் போட்டார். கனடாவில் பேன்ட் போட்டே பழகியவள், குழாய் செருகிய இடமும் நாடா கட்டும் இடமும் ஒன்றுதான் என்பதை மறந்துபோனேன்.

காலைப் பந்தியில் கேசரியும் பொங்கலும் சாப்பிட்டுப் பட்டனை அழுத்தினேன். கொஞ்ச நேரத்தில் பம்ப் கத்தியது. "அந்தப் போனச் செத்த நேரம் அணைச்சு வையி" என்றார் சித்தி. எதிர் வரிசையில் மாப்பிள்ளை வீட்டார். நானும் சத்தத்தை அணைத்துவிட்டேன். முகூர்த்தம் நெருங்கியபோது நாக்கு வறண்டு குமட்டியது. மணப்பெண் அறைக்குள் போய் விரலைக் குத்திப் பார்த்தேன்: சர்க்கரை முந்நூற்று எண்பது. பயந்துபோனேன். கூடவே வந்த சித்தி நாடாவை அவிழ்த்தார். குழாய் மடங்கிக் கிடந்தது. தோலெல்லாம் ஈரம், ஆஸ்பத்திரி வாடை. மருந்து உள்ளே போகவே இல்லை. "பாவி, நாந்தானா?" என்று சித்தி அழுதார்.

கைப்பையில் அவசரத்துக்கு வைத்திருந்த ஊசியைத் தொடையில் போடும்போது மாப்பிள்ளையின் அம்மா உள்ளே வந்துவிட்டார். ஊசியைப் பார்த்தார், அலங்காரத்தோடு நின்ற என் தங்கையைப் பார்த்தார்.

"போட்டு முடிச்சுட்டு வாம்மா. மேடையில ஒன்னத் தேடுறாக" என்று கதவைச் சாத்திக்கொண்டு போனார்.

புதுக் குழாயை மேல்கையில் செருகி, அது எல்லோருக்கும் தெரியும்படியே மேடையேறினேன். எந்தக் குறையும் இல்லாமல் தாலி ஏறியது.

ஆல்பம் போன மாதம் டொராண்டோவுக்கு வந்தது. தங்கைக்குப் பக்கத்தில் நிற்கும் என் கையில் குழாய் இல்லை. அம்மா ஸ்டுடியோக்காரரிடம் சொல்லி அழிக்க வைத்திருக்கிறார். பாசத்தில் செய்ததுதான். அந்தப் படத்தைச் சுவரில் மாட்டியிருக்கிறேன். அதில் இருப்பவள் ஊரிலேயே தங்கிவிட்டாள், நோய் நொடி இல்லாமல். அவளைப் பார்த்துக்கொண்டே இங்கே இருக்கும் நான் சாப்பாட்டுக்குப் பட்டனை அழுத்துகிறேன்.