கடைசிப் பக்கத்துக்கு முன் உதிர்ந்த திருநீறு

காலை ஏழரைக்கு லண்டன் இல்ஃபோர்டில் ரயில் ஏறினோம். உடன் வந்தவர் சிவபாலன் அண்ணை. நான் அறை எடுத்துத் தங்கியிருந்த வீட்டின் சொந்தக்காரர். சண்டைக் காலத்தில் யாழ்ப்பாணத்தை விட்டு வந்து, பிறகு அந்தப் பக்கமே போகாதவர். சென்னையிலிருந்து நான் வந்ததே ஒரு டைரிக்காக. அமெரிக்க விடுதலைப் போரில் காடு காடாக நடந்த ஒரு பிரிட்டிஷ் சிப்பாய் எழுதியது. அச்சுப் பிரதியில் கடைசிப் பகுதி இல்லை. மூலத்தைப் பார்க்க ஆவணக் காப்பகம் ஒரே ஒரு நாள்தான் அனுமதி தந்திருந்தது. மறுநாள் எனக்கு விமானம்.

“அவன் வீட்டை போய்ச் சேந்தவனோ?” என்று மறுபடியும் கேட்டார் அண்ணை. ஒரு வாரமாக அவருக்கும் இதே கேள்விதான்.

“அதைப் பார்க்கத்தானே போறேன்.”

“அப்ப முதல்ல கோயில். கும்பிடாமல் இப்பிடியான அலுவலுக்குப் போகக் கூடாது, தம்பி.”

ரயில் மாறி ஆர்ச்வேயில் இறங்கி, மூச்சு வாங்க மேடேறி முருகனைக் கும்பிட்டோம். அண்ணை தன் கையாலேயே என் நெற்றி நிறையத் திருநீறு பூசினார். என் கண் கடிகாரத்திலேயே இருந்தது.

பத்தரைக்குக் காப்பக வாசல். “அஞ்சு மணிக்கு வாறன்” என்று சொல்லி அண்ணை எதிர்க் கடையில் இரண்டு பவுண்ட் எண்பதுக்குத் தேநீர் வாங்கப் போனார். உள்ளே பேனா, பை, கோட்டு எல்லாவற்றையும் வாங்கி வைத்துக்கொண்டு கையைக் கழுவச் சொன்னார்கள். இரண்டு முறை கழுவினேன். நெற்றியைப் பற்றி யாரும் சொல்லவில்லை, எனக்கும் தோன்றவில்லை.

சிப்பாய் சுருக்கமாக எழுதுகிறவன். இன்று பதினோரு மைல். மழை. உப்பு தீர்ந்தது. ஒருவனைப் புதைத்தோம். பொடி எழுத்தைப் படிக்கக் குனிந்து குனிந்து மூன்று மணியாகிவிட்டது. இன்னும் பத்துப் பக்கம் இருக்கும்போது மேற்பார்வையாளர் அம்மையார் என் பின்னால் வந்து நின்றார். தாளின் மடிப்பில் வெள்ளைப் பொடி.

அவர் முகம் மலர்ந்தது. அந்தக் காலத்தில் மை உலரத் தூவும் பொடியாக இருக்கலாம், எடுத்துப் பதிவு செய்ய வேண்டும் என்று தாழ்ந்த குரலில் சொல்லி, ஒரு சிறு உறையைக் கொண்டுவரப் போனார்.

அது என் நெற்றியிலிருந்து உதிர்ந்த திருநீறு என்று எனக்குத் தெரிந்துவிட்டது. வாயை மூடிக்கொண்டால் பத்துப் பக்கத்தையும் படித்துவிடலாம். முருகன் கோயில் திருநீறு அமெரிக்கப் போரின் பொடியாகக் காப்பகத்தில் குடியேறிவிடும். உண்மையைச் சொன்னால் டைரி கையை விட்டுப் போகும். அவர் உறையோடு திரும்பியபோது நெற்றியைத் தொட்டுக் காட்டிச் சொல்லிவிட்டேன்.

பொடியைத் துடைக்க அவர் டைரியை எடுத்துக்கொண்டு உள்ளே போனார். வெறும் மேசையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அண்ணைக்கு என்ன பதில் சொல்வது என்பதே பெரிய கவலையாக இருந்தது. ஐந்துக்குப் பத்து நிமிடம் இருக்கையில் டைரி திரும்பி வந்தது. இனி ஒரு பக்கம்தான், எது வேண்டும் என்றார் அம்மையார். கடைசிப் பக்கம் என்றேன்.

‘நாளை ஊருக்குக் கப்பல் என்கிறார்கள்.’ அவ்வளவுதான். அதன் பிறகு வெற்றுத் தாள்கள்.

வாசலில் அண்ணை காத்திருந்தார். எல்லாவற்றையும் சொன்னேன். “போய்ச் சேர்ந்திருப்பான், அண்ணே. வீட்டுக்குப் போனவன் எதுக்கு எழுதப் போறான்?”

ரயில் நிலைய வாசலில் அவர் நின்றார். “நீங்கள் வீட்டை போனதும் எனக்கு ஒரு மெசேஜ் போடுங்கோ” என்றார்.

சென்னையில் வீட்டுக் கதவைத் திறக்கும் முன் ‘வந்து சேர்ந்தேன்’ என்று அனுப்பினேன். லண்டனில் அப்போது நடுநிசி தாண்டியிருக்கும். செருப்பைக் கழற்றுவதற்குள் பதில் வந்தது: “ஓம் தம்பி. இனி நான் படுக்கிறன்.”