நெஞ்சுக்குத் தோணி எண்ணெய்

கதிரவெளியில் என் அக்கா திரேசம்மாவைக் கட்டியவர் நோபேட். அந்த மனிதரை நினைத்தாலே எனக்கு இன்றும் குமட்டுகிறது. சுறா ஈரலைத் துண்டு துண்டாக வெட்டித் தகரப் பீப்பாயில் போட்டு வெயிலில் அழுகவிடுவார். மேலே மிதக்கும் எண்ணெயை அள்ளித் தோணிக்காரர்களுக்கு விற்பார். அதைப் பூசினால் பலகை உப்புத் தண்ணீரில் உளுத்துப்போகாது. நாற்றத்தைப் பொறுத்துக்கொண்டால், அதுவரைக்கும் நேர்மையான தொழில்தான்.

ஐம்பத்தெட்டாம் ஆண்டு ஊருக்கு வந்த மருத்துவிச்சி, பிள்ளைகளுக்கு மீனெண்ணெய் கொடுத்தார். அதில் விற்றமின் டி இருக்கிறது, எலும்புக்கு நல்லது என்று சொல்லிவிட்டுப் போனார். நோபேட்டுக்கு அது போதும். எலும்பை விட்டுவிட்டு நெஞ்சைப் பிடித்துக்கொண்டு, தன் சுறா எண்ணெயை இருதய மருந்தென்று விற்கத் தொடங்கினார்.

"மரத்தையே உளுத்துப்போகாமக் காக்கிற எண்ணெய், உங்கட நெஞ்சைக் காக்காதோ?" என்று கேட்பார்.

தோணியை நம்பிப் பிழைக்கும் எங்கள் சனத்துக்கு அது சரியாகத்தான் பட்டது. போத்தலோடு வந்து நின்றார்கள்.

அக்காவுக்கு உண்மையிலேயே இருதய வருத்தம். நாலடி நடந்தால் மூச்சு வாங்கும், கால் வீங்கும். மட்டக்களப்பு ஆஸ்பத்திரியில் கொடுத்த மருந்துக் குளிசைகளை நோபேட் எங்கோ ஒளித்துவிட்டார். காலையில் ஆட்கள் கூடியதும் அவளைக் கூப்பிட்டு, அவர்கள் முன்னால் ஒரு கரண்டி எண்ணெய் குடிக்கவைப்பார். "வருத்தக்காரியே குடிக்கிறா, பாருங்க" என்பார். அக்கா விழுங்கிவிட்டுச் சிரிப்பாள். பிறகு வீட்டுக்குப் பின்னால் கோடிப்புறம் போய், குடித்ததெல்லாம் வெளியே வரச் சத்தியெடுப்பாள்.

நான் சண்டைக்குப் போனேன். "மச்சான், அக்காட குளிசையத் தாங்க."

"அவ குளிசை திண்டா ஆரு என்ட எண்ணெய் வாங்குவான்? பொறு, மறுகா தாறன்."

வெட்கம் கெட்ட மனிதர்! நானே பஸ் பிடித்து மட்டக்களப்புக்குப் போய், டொக்டரிடம் கெஞ்சி வேறு குளிசை வாங்கி வந்தேன். வீட்டு வாசல் படலையடியில் சனம் நின்றது. அக்கா பாயில் கிடந்தாள். உயிர் போயிருந்தது. வாயோரத்தில் எண்ணெய் காயவில்லை.

செத்த வீட்டுக்குப் பஸ்தியாம்பிள்ளை வந்தார். தோணிக்காரர், தன் நெஞ்சிடிப்புக்கு இதே எண்ணெயைக் குடிப்பவர். பயந்துபோயிருந்தார்.

"நோபேட், உன்ட பொண்சாதியே போயிட்டாளே. இனி நான் குடிக்கிறதோ, விடுறதோ?"

பிரேதத்தின் தலைமாட்டில் இருந்தபடி நோபேட் கண்ணைத் துடைத்தார்.

"அவ ஒளிச்சு ஒளிச்சுச் சத்தியெடுத்துப்போட்டா அண்ணே. எண்ணெய் வயித்தில நிண்டிருந்தா இண்டைக்கும் இருந்திருப்பா. நீங்க சத்தியெடுக்காமக் குடிங்க."

அவள் சத்தியெடுத்தது இவருக்குத் தெரிந்தே இருந்திருக்கிறது. அந்த முகத்தில் காறித் துப்பவேண்டும் போலிருந்தது. பஸ்தியாம்பிள்ளையோ தலையாட்டினார். சேமக்காலையில் அக்காவுக்கு மண் போட்ட கையோடு, போத்தலை எடுத்துக்கொண்டு நோபேட்டின் பின்னால் போனார்.