இடப்பக்கம் புகார், வலப்பக்கம் அலுவலகம்

எந்தப் புகாரை எங்கே கொடுப்பது என்று கேட்டு, கோட்டூர்புரத்தில் எங்கள் குடியிருப்பே என் கதவைத் தட்டிக்கொண்டிருந்தது. அதை நிறுத்தத்தான் சங்கக் கூட்டத்துக்கு ஒரு பொருத்துக கேள்வி தயாரித்தேன். இடப்பக்கம் ஐந்து புகார்கள், வலப்பக்கம் ஏழு அலுவலகங்கள். சமமாக வைத்தால் கடைசி விடை யோசிக்காமலே கிடைத்துவிடும்.

எல்லோரும் கைப்பேசியில் பொருத்தினார்கள். முடிவு திரையில் வந்தது. தெருவிளக்கு மாநகராட்சியின் வேலை. அதை மின்வாரியத்துக்குத் தள்ளியிருந்தார்கள். சாக்கடை அடைப்பை யாருமே தொடவில்லை. ஏன் என்று கேட்டேன்.

"லிஸ்ட்ல உங்க பேரே இல்லியே, சார்," என்றார் கீழ்வீட்டுக்காரர். "சாக்கடைன்னா எப்பவும் நீங்கதானே எழுதுவீங்க?"

கூட்டம் சிரித்தது. நான் விடையைச் சொல்லாமல், அதே கேள்வியை வரிசை மாற்றி மறுபடி அனுப்பினேன். ஐந்தும் பொருந்தும்வரை காபி கிடையாது என்றும் அறிவித்தேன்.

மூன்றாவது சுற்றில் பொருந்தின. சாக்கடைப் புகாரைக் கீழ்வீட்டுக்காரரே, கழிவுநீரையும் கவனிக்கும் குடிநீர் வாரியத்தில் பதிவு செய்யும்வரை அவர் பக்கத்திலேயே நின்றேன்.